குரலின் விலை: பழைய மின்னணு விளையாட்டுகளும் தமிழ்ப் பேச்சொலியும்



மொழியின் வரலாற்றை நாம் பெரும்பாலும் கல்வெட்டிலும் ஓலையிலும் அச்சு நூலிலும் தேடுகிறோம். இவ்வுரையில் நாம் தேடப்போவது வேறோரிடத்தில். நாணயம் போட்டால் ஆடவிடும் பழைய விளையாட்டுப் பெட்டிகளிலும், தொலைக்காட்சியோடு இணைத்து ஆடிய சிறு கருவிகளிலும், முதல் தலைமுறைத் தனியாள் கணினிகளிலும் மனிதக் குரல் எவ்வாறு நுழைந்தது என்பதே நம் பொருள்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இன்று இளைஞர் பலர் 1980களின் பாணியில் சிறு விளையாட்டுகளைத் தம் வீட்டிலிருந்தே உருவாக்குகின்றனர். படத்தைக் கட்டம் கட்டமாகத் தாமே வரைகின்றனர். இசையைத் தாமே அமைக்கின்றனர். குரல் என்று வரும்போது தயங்கி நிற்கின்றனர். கையிலுள்ள சிறு தொகைக்குள் தமிழ்க் குரல் எங்கே கிடைக்கும் என்று கேட்கின்றனர். கேட்பதற்கு இது வணிகக் கேள்வி போலத் தோன்றும். ஆயினும் எந்தக் குரல் மலிவாகக் கிடைக்கிறதோ அந்தக் குரலின் மொழியே, அந்தக் குரலின் நடையே, கருவியின் வாயில் ஏறுகிறது. கடந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

நினைவகமும் மாத்திரையும்

முதலில் ஒரு கணக்கு. தொலைபேசித் தரத்தில் பேச்சைப் பதிவு செய்ய நொடிக்கு 8,000 மாதிரிகள் வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பைட்டு என்று கொண்டால், ஒரு நொடிப் பேச்சுக்கு 8,000 பைட்டு. 1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் என்னும் புகழ்பெற்ற விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. படம், இசை, விதிமுறை, முப்பத்திரண்டு நிலைகள் அனைத்தையும் நீக்கிவிட்டு அந்த இடத்தில் பேச்சை மட்டும் வைத்தால் ஐந்து நொடிக்கே போதும். ஒருவர் தம் பெயரையும் ஊரையும் சொல்லி முடிப்பதற்குள் நினைவகம் தீர்ந்துவிடும்.

குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று ஒலியைக் காலத்தால் அளந்தது தமிழ் இலக்கணம். அந்நாளைய பொறியாளரும் அதே அளவையில்தான் கவலைப்பட்டனர். அவர்களுக்கு ஒவ்வொரு மாத்திரையும் காசு.

இச்சிக்கலுக்கு விடை கண்டவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஃபாரஸ்ட் மோசர். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் இவர். உயிரொலியின் அலைவடிவம் ஒரு நொடிக்குள் நூறு முறைக்கு மேல் ஏறத்தாழ ஒரே உருவில் திரும்பத் திரும்ப வருகிறது என்பது ஒலியியல் மாணவர் அறிந்ததே. அவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அதன் படியாக ஒலிக்கச் செய்யலாம் என்றார் மோசர். அந்த ஒன்றையும் இருபுறமும் ஒத்த உருவாக மாற்றினால் பாதியைச் சேமித்தால் போதும். வலுவற்ற பகுதியை வெறும் அமைதியாக விட்டுவிடலாம். காது இவற்றை எல்லாம் பெரும்பாலும் மன்னித்துவிடுகிறது.

இம்முறையில் எழுந்த எஸ்14001ஏ என்னும் சில்லு, முதலில் விளையாட்டுக்குப் பயன்படவில்லை. பார்வையற்றோருக்காக டெலிசென்சரி சிஸ்டம்ஸ் நிறுவனம் 1970களின் நடுவில் செய்த பேசும் கணக்கிடு கருவியில் அது அமர்ந்தது. அக்கருவியின் சொல்வளம் 24 சொற்கள். எண்களும் கூட்டல் கழித்தல் குறிகளும் அதனுள் அடக்கம். பேசும் கருவிகளின் வரலாற்றில் கேளிக்கைக்கு முன் தேவையே வந்தது என்பதை மாணவர் மனத்தில் கொள்ளல் நன்று.

அதே சில்லை 1980இல் ஸ்டெர்ன் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் பெர்சர்க் என்னும் விளையாட்டில் வைத்தது. ஆலன் மெக்நீல் வடிவமைத்த இவ்விளையாட்டில் இயந்திர மனிதர்கள் ஆடுபவரைத் துரத்திக்கொண்டே பேசுவர். சொல்வளம் முப்பது சொற்களே. ஒரு சொல்லைச் சில்லுக்கேற்பச் சுருக்கித் தர ஏறத்தாழ 1,000 அமெரிக்க டாலர் ஆயிற்று என்று விளையாட்டு வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. இத்தொகை பேசியவருக்குக் கொடுத்த கூலி அன்று. ஒவ்வொரு சொல்லின் அலைவடிவையும் ஆய்ந்து, எதை வைப்பது எதை நீக்குவது என்று முடிவு செய்த உழைப்பின் விலை அது. பேச்சு மலிவு, பேச்சைச் செதுக்குவதே செலவு.

முப்பது சொல்லில் பெர்சர்க் எவ்வாறு பல தொடர்களைப் பேசிற்று என்பதில்தான் மொழியியலாளருக்கு ஆர்வம் பிறக்கிறது. தாக்கு, கொல், அழி, பிடி என்னும் பொருளுடைய ஏவல் வினைகள் ஒரு வரிசை. கோழை, மனிதன், அத்துமீறி நுழைந்தவன் என்னும் பொருளுடைய பெயர்கள் ஒரு வரிசை. முதல் வரிசையில் ஒன்றையும் இரண்டாம் வரிசையில் ஒன்றையும் கருவி தானே இணைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் செயப்படுபொருளாக வரும் பெயர் உருவம் மாறுவதில்லை. எழுவாயாக வந்தாலும் விளியாக வந்தாலும் அதே ஒலிப்பதிவு போதும்.

தமிழில் இதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘மனிதன்’ எழுவாய், ‘மனிதா’ விளி, ‘மனிதனை’ செயப்படுபொருள். மூன்றும் மூன்று பதிவுகள். அதோடு நிற்காது. ‘மனிதனைப் பிடி’ என்பதில் பகர ஒற்று மிகும்; ‘மனிதனைத் தாக்கு’ என்பதில் தகர ஒற்று மிகும்; ‘மனிதனை அழி’ என்பதில் ஒற்று இல்லை, யகரம் மெல்ல இடையில் நுழையும். எழுத்தில் ஓர் ஒற்று. ஒலிப்பதிவில் அது தலைவலி என்று எண்ணுவோர் உண்டு.

உண்மையில் அது தலைவலி அன்று. வல்லின ஒற்று மிகுதல் என்பது ஒலியியல் நோக்கில் வாயடைப்பு நீளுதலே. ஒலிப்பற்ற வல்லினத்தின் வாயடைப்பு நேரத்தில் காதுக்குக் கேட்பது அமைதி. அமைதியைச் சேமிக்க நினைவகம் வேண்டுவதில்லை. ‘இவ்வளவு நேரம் பேசாதிரு’ என்று சில்லுக்கு ஒரு கட்டளை இட்டால் போதும். ‘மனிதனை’ என்னும் பதிவுக்கும் ‘பிடி’ என்னும் பதிவுக்கும் இடையே நொடியில் பத்திலொரு பங்கு அளவுக்கு அமைதியை நுழைத்தால் தமிழ்க் காது அதைப் பகர ஒற்றாகவே ஏற்றுக்கொள்ளும். ஐகாரத்தின் இறுதியில் இதழ் மூடுவதற்குரிய சாயல் குறையும் என்பது உண்மைதான். இயந்திர மனிதன் பேசுகிறான் என்னும் கதை அக்குறையை மறைத்துவிடும். அக்காலத்து விளையாட்டுகளில் பேசியவர்கள் பெரும்பாலும் இயந்திரர்களாகவும் வேற்றுக்கோள் வாசிகளாகவும் அரக்கர்களாகவும் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் கருத்து. குரலின் குறை கதைமாந்தரைத் தேர்ந்தெடுத்தது.

எண்ணுப்பெயர்ச் சோதனை

தமிழில் விளையாட்டு செய்ய முனைவோர்க்கு முதலில் தேவைப்படுவது மதிப்பெண்ணை உரக்கச் சொல்லும் குரல். ஒன்று முதல் 999 வரை சொல்ல எத்தனை பதிவுகள் வேண்டும்? இதை வகுப்பறையில் மாணவரே கணக்கிட்டுப் பார்க்கலாம். இலக்கண வகுப்பு சற்றுக் கலகலப்பாகும்.

ஆங்கிலத்தில் ஒன்று முதல் பத்தொன்பது வரை 19. இருபது முதல் தொண்ணூறு வரை 8. நூறு என்பது 1. ஆக 28 பதிவுகள். தமிழிலும் ஒன்று முதல் பத்தொன்பது வரை 19தான். ஆனால் ‘இருபது’ என்பது பின்னே எண் வரும்போது ‘இருபத்து’ ஆகிறது, எட்டுப் பத்துகளும் இரண்டிரண்டு உருவில் வேண்டும், ஆக 16. நூறுகளை ‘இரண்டு நூறு, மூன்று நூறு’ என்று இணைக்க இயலாது. இருநூறு, முந்நூறு, நானூறு, எண்ணூறு, தொள்ளாயிரம் என்று ஒவ்வொன்றும் தனி உருவம், அவையும் ‘முந்நூற்று’, ‘தொள்ளாயிரத்து’ எனத் திரியும், ஆக 18. மொத்தம் 53.

ஐம்பத்து மூன்றும் இருபத்தெட்டும் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று. நினைவகம் பொன்னாக இருந்த காலத்தில் தமிழுக்கு இரு மடங்கு செலவு என்று இதைக் கொண்டு முடிவு கட்டிவிடலாம். அவ்வாறு முடிவு கட்டுவது அவசரம். ஆங்கிலத்தில் 28 பதிவுகளை வைத்து இணைத்துப் பேசினால், ஒவ்வொரு சொல்லும் தொடரின் இறுதியில் நிற்பது போல இறங்கி ஒலிக்கும். கேட்போர் ஒவ்வொரு சொல்லிலும் எண் முடிந்துவிட்டது என்று மயங்குவர். இயல்பாக ஒலிக்க வேண்டுமானால் பத்துகளை இறுதி நிலைக்கு ஒரு முறையும் இடைநிலைக்கு ஒரு முறையும் பதிவு செய்ய வேண்டும். நூறுக்கு முன் வரும் ஒன்று முதல் ஒன்பதையும் இடைநிலைக் குரலில் தனியே பதிவு செய்ய வேண்டும். நூறையும் இருமுறை பதிய வேண்டும். 19, 16, 9, 2; மொத்தம் 46.

தமிழில் இந்தக் கூடுதல் உழைப்புத் தேவையில்லை. ‘இருபது’ எப்போதும் இறுதியில் நிற்கும். ‘இருபத்து’ எப்போதும் இடையில் நிற்கும். இசையேற்ற இறக்கத்தை இலக்கணமே பிரித்துத் தந்துவிட்டது. 53க்கும் 46க்கும் உள்ள இடைவெளி பெரிதன்று.

இன்னும் ஒன்று. ‘இருபத்து’ என்பதன் பின் ஒன்று, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு வந்தால் இறுதி உகரம் கெட்டு ‘இருபத்தொன்று’, ‘இருபத்தைந்து’ என்றாகும். அதற்கெனத் தனிப் பதிவு வேண்டியதில்லை. உகரம் தொடங்கும் இடத்தில் பதிவை நிறுத்திவிட்டு அடுத்த பதிவைத் தொடங்கினால் போதும். குற்றியலுகரப் புணர்ச்சியைப் பாடமாகக் கற்ற மாணவர், அதை ஒரு நிரலில் ஒரே வரிக் கட்டளையாக எழுதலாம்.

ஒலியன்களால் பேசிய கருவிகள்

சொற்களைச் சேமிப்பதை விட்டு ஒலியன்களைச் சேமித்தால் என்ன என்று எண்ணியவர்களும் உண்டு. வோட்ராக்ஸ் நிறுவனத்தின் எஸ்சி-01 சில்லு அவ்வகையைச் சேர்ந்தது. அதில் 64 குறியீடுகள் இருந்தன. அவற்றை வரிசைப்படுத்தினால் எந்தச் சொல்லையும் பேச வைக்கலாம். சொல்லுக்கு ஆயிரம் டாலர் வேண்டா, ஆள்கூட வேண்டா. கார்ஃப் போன்ற விளையாட்டுகள் இச்சில்லைக் கொண்டு பேசின.

1982இல் காட்லீப் நிறுவனத்தின் கியூபர்ட் விளையாட்டுக்கு ஒலி அமைத்த டேவிட் தீல் இச்சில்லை வைத்து ஆங்கிலத் தொடர்களை உருவாக்க முயன்றார். வந்த ஒலி அவர் எண்ணியதாக இல்லை. ஒரு சொல் மற்றொரு சொல்லாகவே கேட்டது. முடிவில் அவர் குறியீடுகளைத் தாறுமாறாக ஓடவிட்டார். பொருளே இல்லாத அந்த உளறல் வேற்றுக்கோள் மொழி போல ஒலித்து, அவ்விளையாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஒலியன் பட்டியல் மட்டும் மொழியாகாது, மாற்றொலியும் காலவளவும் இசையும் சேர வேண்டும் என்று நாம் வகுப்பில் பல மணி நேரம் விளக்குவதை, ஒரு விளையாட்டுப் பெட்டி சில நொடிகளில் விளக்கிவிட்டது.

அச்சில்லின் 64 குறியீடுகளும் ஆங்கில ஒலிகளுக்கானவை. நாவளைத்து ஒலிக்கும் டகர, ணகர, ளகர, ழகரங்களுக்கு அதில் இடமில்லை. ஒரே ககரம் ‘கல்’லில் ஒருவாறும் ‘தங்க’த்தில் ஒருவாறும் ‘பகல்’லில் வேறொருவாறும் ஒலிப்பதைத் தமிழறிந்தவர்தாம் கைப்படக் குறித்துத் தர வேண்டியிருக்கும். மலிவான பொதுக்குரல் என்பது பொதுவானதன்று. அது யாரோ ஒருவரின் மொழிக்கு மலிவானது.

இடைவழி ஒன்றும் இருந்தது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1978இல் வெளியிட்ட ஸ்பீக் அண்ட் ஸ்பெல் என்னும் எழுத்துக்கூட்டும் விளையாட்டுப்பொருள், குரல்வழியின் வடிவத்தையே கணித எண்களாக மாற்றிச் சேமித்தது. பெல் ஆய்வகத்தில் பிஷ்ணு அட்டல் உள்ளிட்டோரும் ஜப்பானிய ஆய்வாளரும் வளர்த்த கணித முறை அதற்கு அடிப்படை. பேச்சின் ஒரு நொடி ஏறத்தாழ 150 பைட்டுக்குள் அடங்கியது. நான்கு பொறியாளர் கொண்ட சிறு குழு, 25,000 டாலர் தொடக்க நிதியில் அதைச் செய்து முடித்தது. குழந்தைகளுக்கு எழுத்துக்கூட்டக் கற்பிக்கும் பொருள் என்பதால் உச்சரிப்புத் தெளிவாக இருக்க வேண்டும். ஆகவே டல்லாஸ் நகர வானொலி அறிவிப்பாளர் ஒருவரைப் பேச வைத்தனர்.

யார் பேசினர்?

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். அந்நாளில் குரல் கொடுத்தவர் யார் என்று பார்த்தால் மூவகையினர் தெரிகின்றனர்.

முதல் வகை, செய்தவரே பேசியது. 1981இல் ஆப்பிள் கணினிக்கு வெளிவந்த காசில் வுல்ஃபென்ஸ்டைன் விளையாட்டில் ஜெர்மானியக் காவலர் அதட்டும் குரல், அதனை உருவாக்கிய சைலஸ் வார்னரின் குரல். ஒலியை அவர் மிகக் கடுமையாகச் சுருக்க நேர்ந்தது. கேட்டால் கரகரப்பு மிகுதி. காவலர் கத்துவதால் கரகரப்பு குற்றமாகத் தெரியவில்லை.

இரண்டாம் வகை, உடன் பணியாற்றியோர் பேசியது. 1983இல் வந்த டிராகன்ஸ் லேர் முழுநீள ஓவியப் படம் போல அமைந்த விளையாட்டு. ஓவியத்துக்கே பணம் செலவாகிவிட்டது. படத்தொகுப்பாளர் டான் மொலினா வீரனுக்குக் குரல் கொடுத்தார். ஓவியப் பிரிவைச் சேர்ந்த வேரா லான்ஃபர் இளவரசியாகப் பேசினார். தொழில்முறைக் குரல் கலைஞர் என்று சொல்லத்தக்கவர் கதையுரைத்த மைக்கேல் ரை ஒருவரே. குறுவட்டுக் காலம் வந்து நினைவகப் பஞ்சம் தீர்ந்த பின்னும் இவ்வழக்கம் போகவில்லை. கிங்ஸ் குவெஸ்ட் வரிசையின் ஐந்தாம் விளையாட்டு 1992இல் குறுவட்டில் பேசியபோது, பேசியவர்களுள் பெரும்பாலோர் சியரா நிறுவன ஊழியர்களே. நடிப்பு எப்படி என்று கேட்டால், நம் பள்ளி ஆண்டுவிழா நாடகங்களை நினைத்துக்கொள்க.

மூன்றாம் வகை, வானொலியார். வில்லியம்ஸ் நிறுவனத்தின் சைனிஸ்டார் விளையாட்டில் அச்சமூட்டும் குரல், வானொலியில் புகழ்பெற்றிருந்த ஜான் டோரமஸுடையது. சில தொடர்களே, ஆயினும் ஆடியவர் மறக்கவில்லை. தொழிலறிந்தவர் ஒரு மணி நேரத்தில் தருவதை மற்றவர் ஒரு நாளில் தர இயலாது என்பதற்கு இது சான்று.

சிங்கப்பூரின் பங்கு

இவ்வரலாற்றில் நம் மண்ணுக்கும் இடமுண்டு. மாணவர் பலர் இதை அறியார். 1981இல் சிம் வோங் ஹூவும் அவர் நண்பர் இங் கை வாவும் பேர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில் தொடங்கிய சிறு கடையே பின்னர் கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனமாக வளர்ந்தது. 1980களின் நடுவில் அவர்கள் உருவாக்கிய கியூபிக் வகைக் கணினி சீன மொழிக்கேற்ப அமைந்தது; பேச்சும் இசையும் எழுப்பும் ஒலியட்டை அதில் இருந்தது. உலகம் முழுவதும் ஆங்கிலத்துக்கே கணினியைப் பேச வைத்துக்கொண்டிருந்த வேளையில், தம் மக்கள் மொழியை முதலில் எண்ணிச் செய்த முயற்சி அது. வணிகத்தில் பெரிதாக வெல்லவில்லை. ஆனால் அந்த ஒலியட்டை அனுபவமே 1989இல் சவுண்ட் பிளாஸ்டராக வடிவெடுத்தது.

சவுண்ட் பிளாஸ்டரின் சிறப்பு இசையில் மட்டும் இல்லை. அதில் ஒலிவாங்கி செருகும் துளை இருந்தது. நொடிக்கு 12,000 மாதிரி வரை, எட்டுப் பிட்டு அளவில், எவரும் தம் குரலைத் தம் கணினியில் பதியலாம். சொல்லைச் செதுக்கித் தரும் நிறுவனத்துக்கு இனிப் பணம் கட்ட வேண்டா. பெர்சர்க் காலத்தில் ஒரு சொல்லுக்கு ஆன செலவில் ஓர் அட்டையை வாங்கி, எத்தனை சொல்லையும் எந்த மொழியிலும் பதிந்து, மீதிப் பணமும் வைத்துக்கொள்ளலாம் என்னும் நிலை பத்தாண்டுக்குள் வந்துவிட்டது. அவ்வட்டையோடு வந்த டாக்டர் ஸ்பைட்சோ என்னும் உரையாடும் மென்பொருளை இன்றைய ஆசிரியர் சிலர் சிறு வயதில் ஆடியிருப்பர். தட்டச்சு செய்ததை அது ஆங்கிலத்தில் பேசும். தமிழ்ப் பெயரைத் தட்டச்சு செய்தால் வரும் ஒலி நகைப்புக்குரியது.

ஆக, தமிழ்க் குரலைப் பதியும் கருவி இந்நாட்டிலேயே உருவாயிற்று. தடை பொறியில் இல்லை.

எந்தத் தமிழ்?

வீட்டில் விளையாட்டு செய்யும் இளைஞர் இன்று பழைய கருவிகளுக்கே நிரல் எழுதுவதும் உண்டு. நின்டெண்டோவின் எட்டுப் பிட்டுக் கருவியை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு பதிவின் உச்ச அளவு 4,081 பைட்டு. தெளிவு மிகுந்த வேகத்தில் அது ஒரு நொடிக்கும் சற்றுக் குறைவாக ஒலிக்கும். தெளிவு குறைந்த வேகத்தில் எட்டு நொடிக்குச் சற்றுக் குறைவாக ஒலிக்கும். அலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மட்டும் அது குறித்துக்கொள்வதால், சீறும் ஒலிகள் முதலில் சிதையும். உயிரும் மெல்லினமும் இடையினமும் தாங்கி நிற்கும். ‘வா’, ‘மேலே’, ‘நில்’ நன்றாகக் கேட்கும். ‘சீக்கிரம்’ என்பதன் தொடக்கம் வெறும் இரைச்சலாகும். ‘விரைந்து வா’ என்று மாற்றிக்கொள்ளலாமா என்று அவர்கள் கேட்பர். இங்கேதான் மொழியியலாளன் குறுக்கிட வேண்டியுள்ளது.

கதைமாந்தர் ‘விரைந்து வா’ என்று கத்தினால் எந்தக் குழந்தைக்கும் அது தன் வீட்டுப் பேச்சாகப் படாது. ‘ஓடி வா’ என்றால் படும், சீறொலியும் இல்லை. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டுத் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வு, நல்ல பேச்சுத்தமிழை வகுப்பறையில் கற்பிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கான தேவை இன்னும் கூடியுள்ளது. வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்றோர் 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. ஆசிரியர் வாயிலும் பாட்டி வாயிலும் மட்டும் தமிழைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு, தான் விரும்பி ஆடும் விளையாட்டில் கேட்கும் அறுபது சொல்லும் சிறிய தொகையன்று. நூறு முறை ஆடினால் அச்சொற்களை நூறு முறை கேட்கும். எந்தப் பாடநூலும் அவ்வளவு முறை புரட்டப்படுவதில்லை.

ஆகவே மாந்தர் உரையாடலுக்குப் பேச்சுத்தமிழும், கதையுரைக்கும் குரலுக்கு எழுத்துத்தமிழும் ஏற்றவை என்பது நம் துணிபு. சிக்கனமும் இதற்குத் துணை நிற்கிறது. ‘வந்துகொண்டிருக்கிறான்’ ஏழு அசை. ‘வந்துட்டிருக்கான்’ ஐந்து அசை. மதிப்பெண்ணைச் சொல்லும் குரல் ‘முந்நூற்று இருபது’ எனலாமா, ‘முந்நூத்தி இருபது’ எனலாமா என்பதை விளையாட்டு செய்பவரே முடிவு செய்யட்டும்; ஆனால் பதிவு தொடங்கும் முன் முடிவு செய்தல் வேண்டும். பாதி ஒரு நடையிலும் பாதி மற்றொரு நடையிலும் பதிந்துவிட்டால் இணைக்கும்போது இருவர் பேசுவது போல இருக்கும்.

மலிவும் உரிமையும்

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் குரல் உண்டே என்பர். உண்டு. மோசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் தன்னார்வலர் பேசிய தொடர்கள் எவரும் பயன்படுத்தும் உரிமையோடு தொகுக்கப்பட்டுள்ளன. பேசியவர் யார் என்று கண்டறிய முயலக் கூடாது என்பதும் அதன் நிபந்தனை. கணினிக்குப் பேச்சைப் புரியவைப்பதற்காக வாசிக்கப்பட்ட தொடர்கள் அவை. அவற்றில் ‘மாட்டிக்கிட்டியா’ என்னும் மிரட்டலை எதிர்பார்க்க இயலாது. ஈஸ்பீக் போன்ற திறந்த மென்பொருள் தமிழ் எழுத்தைப் பேச்சாக்குகிறது. இயந்திரனுக்கு அது பொருந்தும். அந்த உலோகத் தன்மை பழைய பாணி விளையாட்டுக்கு ஓர் அழகே.

ஒருவர் குரலைச் சில நொடி கேட்டு அதையே போலச் செய்யும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று மிக மலிவு. இதை மாணவர்க்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்: மலிவாக இருப்பது, குரலுக்குரியவரை யாரும் கேட்காததால். அமெரிக்காவில் விளையாட்டுகளுக்குக் குரல் கொடுப்போர் 2024 ஜூலையில் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு வேலைநிறுத்தம் செய்தனர். தம் குரலின் செயற்கைப் படியைத் தம் ஒப்புதலும் ஊதியமும் இன்றிப் பயன்படுத்தக் கூடாது என்பதே அவர்களின் மையக் கோரிக்கை. சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், நிகழ்த்துகலைஞர் தம் பெயரால் அடையாளம் காட்டப்படும் உரிமையை வழங்கியுள்ளது. வீட்டில் செய்யும் விளையாட்டு என்பதால் இவ்வொழுங்கு தளர்ந்துவிடாது. அண்டை வீட்டுத் தாத்தாவிடம் குரல் வாங்கினாலும் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கையொப்பம் பெறுதல் வேண்டும்: எந்த விளையாட்டுக்கு, எத்தனை சொற்கள், எவ்வளவு வெள்ளி, வேறெதற்கும் பயன்படுத்தமாட்டோம் என்பது. பணம் இல்லையெனில் பணம் இல்லை என்றே எழுதலாம். எழுதாமல் விடுவதுதான் தவறு.

குரல் கேட்கச் செல்லும் இடங்களும் தொலைவில் இல்லை. தமிழ் மேடை நாடகக் குழுக்கள் இங்குண்டு. பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாணவர் உண்டு. ஓய்வு பெற்ற வானொலியார் உண்டு. தொழில்முறைக் கலைஞரை ஒரு மணி நேரத்துக்கு அமர்த்துவது பலர் அஞ்சும் அளவுக்குச் செலவன்று, அந்த ஒரு மணிக்குள் என்ன வேண்டும் என்று முன்னரே தெரிந்திருந்தால். அறுபது சொல்லின் பட்டியல், எண்ணுப்பெயர் ஐம்பத்து மூன்று, ஒவ்வொன்றையும் மும்முறை சொல்லச் சொல்லித் தேர்ந்தெடுக்கும் பொறுமை ஆகியவை போதும்.

பதிவின்போது சொற்களைப் பட்டியலாக வாசிக்க விடக் கூடாது. பட்டியலில் ஒவ்வொரு சொல்லும் ஒரே இழுவையில் இறங்கும். களப்பணியில் நாம் செய்வது போல, ஒரு தொடரின் நடுவில் வைத்துச் சொல்லச் செய்து, பின்னர் வெட்டியெடுக்க வேண்டும். ‘இப்போது முந்நூற்று மூன்று புள்ளி’ என்று சொல்லச் சொல்லி ‘முந்நூற்று’ என்பதை மட்டும் எடுத்தால் இடைநிலை இசை தானே வரும். அறை எதிரொலித்தால் துணி நிறைந்த அலமாரியின் கதவைத் திறந்து அதன் முன் நின்று பேசலாம். மின்விசிறியை நிறுத்துக, வியர்த்தாலும்.

விளையாட்டுக்குள் போவது நசுக்கிச் சுருக்கிய படிதான். முதற்பதிவை நொடிக்கு 44,100 மாதிரி, பதினாறு பிட்டு அளவில் தனியே வைத்துக்கொள்ளல் வேண்டும். அதனுடன் பேசியவரின் வயது, வளர்ந்த ஊர், வீட்டில் பேசும் மொழி, பதிந்த நாள் ஆகியவற்றை, அவர் இசைந்தால், குறித்து வைக்கலாம். ஈப்போவில் வளர்ந்த எழுபது வயதினர் ‘ஏழு’ என்பதை எப்படி ஒலிக்கிறார், ஈசூனில் வளர்ந்த பதினேழு வயதினர் எப்படி ஒலிக்கிறார் என்று ஒப்பிட விரும்பும் ஒலியியல் மாணவர்க்கு, ஒரு விளையாட்டுக்காகப் பதிந்த அந்த ஐம்பத்து மூன்று சொற்கள் போதுமான தரவாகும்.